எல்.பி.என். படிப்பா, ஆர்.என். படிப்பா?

கேள்வி: ஊரில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தேன். நியூ ஜெர்சிக்கு வந்து ஒன்பது வருடம். கிரீன் கார்டு இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். நர்ஸ் ஆக ஆசை. எல்.பி.என். (லைசன்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) ஒரு வருடம், அதற்கு மேல்நிலையான ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) நான்கு வருடம் என்கிறார்கள். முதலில் எல்.பி.என். முடித்து, வேலை பார்த்துக்கொண்டே ஆர்.என். படித்தால் என்ன?
– வாசகி, எடிசன்

பதில்: அந்த 'நான்கு வருடம்' கணக்கிலேயே கோளாறு. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் பட்டம் முடித்தவரும், நான்கு வருட பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) முடித்தவரும் எழுதுவது லைசன்ஸுக்கான ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வு, கிடைப்பதும் ஒரே லைசன்ஸ். ஆனால் அந்த இரண்டு வருடத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி எல்லாம் லேபோடு முடித்த பிறகே பல கல்லூரிகளில் நர்சிங் வகுப்பு தொடங்கும். அதற்கே இரண்டு மூன்று செமஸ்டர் ஆகிவிடும். ஐந்து, ஏழு வருடத்துக்கு முன் படித்த அறிவியல் பாடங்களை ஏற்காத இடங்களும் உண்டு. உங்கள் வேதியியல் அங்கே செல்லாது.

எல்.பி.என். வழியாக ஏறுவதில் சிக்கல் இதுதான்: தொழிற்பள்ளிகள் பாடத்தை மணிக்கணக்கில் அளக்கின்றன, கல்லூரிகள் கிரெடிட் என்ற பாட மதிப்பு அலகில். மாற்றும்போது பெரும்பகுதி கழிந்துவிடும். எல்.பி.என்.களை ஆர்.என். ஆக்கும் பிரிட்ஜ் படிப்பில் சேர்ந்தாலும் மேற்சொன்ன அறிவியல் பாடங்கள் தப்பாது. இந்த வழியில் மிச்சப்படும் காலம் ஒரு செமஸ்டர், மிஞ்சினால் இரண்டு.

வேலையும் வேறு. நர்சிங் ஹோமில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாக மாத்திரை கொடுப்பது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சர்க்கரை பார்த்து இன்சுலின் போடுவது எல்.பி.என். புதிதாக வந்த நோயாளியை முழுதாக மதிப்பிட்டு, பராமரிப்புத் திட்டம் எழுதுவது ஆர்.என். நரம்பில் நேரடியாக மருந்து செலுத்துவதில் எல்.பி.என்.னுக்கு உள்ள வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அடுத்த வருடமே சம்பளம் வந்தாக வேண்டும், நர்சிங் ஹோம் வேலை பிடிக்கும் என்றால் எல்.பி.என். நல்ல முடிவுதான். ஆஸ்பத்திரி வார்டுதான் கனவென்றால் நேரே ஆர்.என்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்று: வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கான துரித பி.எஸ்.என்.; 12 முதல் 18 மாதம். முதலில், வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து வாங்குங்கள். இந்தத் துரிதப் படிப்புக்குக் கட்டணம் கூடுதல், படித்துக்கொண்டே வேலை பார்ப்பது நடக்காது. பின்னாளில் நியூயார்க்கில் லைசன்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: 2017 சட்டப்படி அங்கே புதிய ஆர்.என்.கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும்.

எதில் சேர்ந்தாலும், பணம் கட்டுமுன் மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரப் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் தேர்வே எழுத முடியாமல் போகலாம்.

கேள்வி: மருந்துக் கணக்குத் தேர்வில் பலர் விழுகிறார்களாமே?
– வாசகர், டாலஸ்

பதில்: கணக்கு பள்ளிக்கூடத்து அளவுதான். பல பள்ளிகளில் 90 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி என்பதே இடிக்கிறது. உதாரணமாக: 1000 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 15 சொட்டு விழும் குழாய்; நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மணிக்கு 125 மி.லி.; 15ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 31.25. நிமிடத்துக்கு 31 சொட்டு, கால் சொட்டை எண்ண முடியாதே. மணியை நிமிடமாக்க மறப்பதும், 0.5 கிராமை 50 மில்லிகிராம் என்று எழுதுவதும்தான் வழக்கமாக விழும் குழிகள்.