வணிகச் சொற்களஞ்சிய மென்பொருளை எப்படி மதிப்பிடுவது?

ஒவ்வொரு துறையும் 'வாடிக்கையாளர்' என்பதற்குத் தனித்தனி வரையறை வைத்திருக்கிறது, இதைச் சீராக்க எந்த வணிகச் சொற்களஞ்சிய மென்பொருளை, அதாவது நிறுவனத்தின் சொற்களையும் வரையறைகளையும் ஒரே இடத்தில் பதியும் கருவியை, வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், ஒரே சொல்லுக்கு இரண்டு வரையறைகளை அந்த மென்பொருள் தாங்குமா என்று பாருங்கள். விற்பனைப் பிரிவுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் வாடிக்கையாளர்; கணக்குப் பிரிவுக்குப் பணம் கட்டியவர்தான். அவரவர் வேலைக்கு இரண்டுமே சரி. இரண்டையும் சூழலோடு பதிந்து, இடையிலுள்ள உறவைக் காட்டாத கருவியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வரையறைக்கு யார் பொறுப்பு, யார் ஒப்புதல் தந்தார், முன்பு என்ன இருந்தது என்பதும் பதிவாக வேண்டும். இது இல்லாவிட்டால் சில மாதங்களில் யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

கொலிப்ரா, அலேஷன், மைக்ரோசாஃப்ட் பர்வியூ, திறமூலமான (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) அப்பாச்சி அட்லஸ் ஆகிய மென்பொருள்களில் சொல்லைத் தரவுத்தள அட்டவணையோடு இணைக்கலாம். அறிக்கையில் ஓர் எண்ணைப் பார்ப்பவர் அதன் பொருளை அங்கிருந்தே எட்ட முடிகிறதா என்று சோதியுங்கள். இதற்குத்தான் அதிக மதிப்பெண் தருவேன்.

பின்னால் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியிருந்தால், வெளியேறும் வழியும் முக்கியம். சொற்களோடு அவற்றின் உறவுகளும் ஏற்றுமதியாக வேண்டும். வெறும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) உறவுகள் எளிதில் தொலையும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009-இல் பரிந்துரைத்த ஸ்காஸ் (SKOS) தரம், சொற்களையும் அவற்றின் உறவுகளையும் கணினி படிக்கும்படி எழுத, இதற்கென்றே இருக்கிறது.

விற்பனையாளரின் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் அலுவலகத்தில் அதிகம் சண்டை நடக்கும் 20 சொற்களை ஏற்றுங்கள். ஐடி பிரிவைச் சேராத ஒருவரிடம் கொடுத்து, உதவியில்லாமல் ஒரு வரையறையைத் திருத்தச் சொல்லுங்கள்.