ஸ்கேனுக்குத் தூக்க மருந்து: வீட்டிலேயே கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. இரண்டு முறை வலிப்பு வந்ததால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். போன வாரம் தூக்க மருந்து கொடுத்தும் பாதியில் விழித்து அழுதுவிட்டான், ஸ்கேன் நடக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். இம்முறை வீட்டிலேயே மருந்து கொடுத்துக் கூட்டிப் போகலாமா? இந்த மருந்து மூளையைப் பாதிக்குமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வீட்டில் ஒரு சொட்டும் வேண்டாம். மருந்துத் தூக்கத்தில் தலை முன்னால் சரிந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை அடைபடும். சாதாரணத் தூக்கத்தில் பிள்ளை தானாகப் புரண்டு தலையை நிமிர்த்திக்கொள்ளும். மருந்து அதற்கு விடாது. உங்கள் கண்ணுக்கோ மடியில் நன்றாகத் தூங்குவதாகவே தெரியும். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் குறைவதைக் காட்டிவிடும். ஆக்ஸிஜனும் சளி உறிஞ்சும் குழாயும் பக்கத்திலேயே இருக்கும்.

நம் ஊரில் அதிகம் கொடுப்பது ட்ரைக்ளோஃபாஸ் சிரப். அது வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். கண் மூடியதும் தூக்கிப் போனால், இயந்திரம் தடதடவென்று இடிக்கும் சத்தத்தில் விழித்துவிடும். வரும் வழியில் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டுவிட்ட பிள்ளைக்கும் மருந்து சரியாகப் பிடிக்காது. முந்தின இரவு தாமதமாகப் படுக்க வையுங்கள், விடியற்காலையில் எழுப்புங்கள், பஸ்ஸில் பேச்சுக் கொடுத்தே கூட்டிப் போங்கள். மருந்தைத் துப்பினால் மறுபடி ஊற்றாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நர்ஸிடம் சொல்லுங்கள். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்றில் உணவிருந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். மருந்து கொடுப்பது காலை 10 மணிக்கு என்றால் சோறு, இட்லி, பசும்பால், ஹார்லிக்ஸ், கஞ்சி எல்லாம் 4 மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தாய்ப்பால் 6 மணி வரை, வெறும் தண்ணீர் 8 மணி வரை. உங்கள் ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அழுகையை அடக்க பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்டில்தான் பல ஸ்கேன்கள் தள்ளிப்போகின்றன. அதற்காக இரவிலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட நரம்பு கிடைக்காது. வலிப்பு மருந்தைக் காலையில் விடக் கூடாது, எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சளி, காய்ச்சல் இருந்தாலோ, தினமும் குறட்டை விட்டாலோ முதலிலேயே சொல்லுங்கள். வெள்ளி அரைஞாண், தாயத்து, கொலுசு, கம்மல் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கண்மையும் வேண்டாம்.

மூளை பற்றிய பயம்: 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேலோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றித்தான். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரே முறை கொடுத்த மயக்கம் ஐந்து வயதில் அறிவுத்திறனைக் குறைக்கவில்லை என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. வலிப்பின் காரணம் தெரியாமல் நாள் கடத்துவதே எனக்குக் கவலை தருகிறது.

இம்முறையும் சிரப்பில் தூங்காவிட்டால் கூடுதல் சிரப்புக்கு வற்புறுத்தாதீர்கள். மயக்க மருத்துவரை வைத்து, நரம்பு வழியாக மருந்து கொடுத்து எடுக்க இன்னொரு நாள் கேளுங்கள். முடிந்தபின் கண் திறந்து, உங்களை அடையாளம் கண்டு, தண்ணீர் குடித்து, வாந்தி இல்லை என்றான பிறகே கிளம்புங்கள். அன்று முழுக்க நடை தள்ளாடும். மாடிப்படி, தொட்டில், டூவீலர் மூன்றும் வேண்டாம்.