தொலைதூர வேட்டை ரைஃபிளுக்குக் குண்டின் எடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

308 வின்செஸ்டர் வகைத் தோட்டா போடும் ரைஃபிளில் 400 மீட்டர் வரை மான் வேட்டையாட 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு; ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) குண்டு ஏற்றதா, 180 கிரெய்ன் குண்டு ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையை முதலில் முடிவுசெய்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. குண்டு விலங்கின் உடலில் படும்போது எந்த வேகத்தில் இருக்கும், அந்த நீளமுள்ள குண்டை உங்கள் குழல் சுழற்றி நிலையாகப் பறக்கவைக்குமா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தால், எடையைப் பற்றிய குழப்பம் பெருமளவு நீங்கிவிடும்.

வேட்டைக்குண்டு உடலுக்குள் நுழைந்ததும் முனை மலர்ந்து விரிய வேண்டும். அதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. ஈயத்தின் மேல் செம்பு உறை போர்த்திய வழக்கமான குண்டுகள் பலவற்றுக்கு அது நொடிக்குச் சுமார் 550 மீட்டர். தொலைதூரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட சில குண்டுகள் அதைவிடக் குறைந்த வேகத்திலும் விரியும். வேகம் அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால், குண்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறிவிடும். காயம்பட்ட விலங்கு கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடி, மெல்ல மெல்லச் சாகும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்து, உங்கள் ரைஃபிளில் குண்டு எந்தத் தூரம்வரை அந்த வேகத்தைத் தக்கவைக்கும் என்று கணக்கிடுங்கள். அந்தத் தூரமே நீங்கள் ஒருபோதும் தாண்டக்கூடாத எல்லை.

308-இல் 150 கிரெய்ன் குண்டு, அதாவது 9.7 கிராம், குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் புறப்படும். 180 கிரெய்ன் குண்டு, 11.7 கிராம், ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் புறப்படும். தொடக்க ஆற்றலில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வகைக் கூர்முனை வடிவத்தில் இருந்தால், கனமானது காற்றின் தடையை நன்றாகத் தாங்கி வேகத்தை மெதுவாகவே இழக்கும். தூரம் கூடக்கூட இரண்டின் வேகத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். பக்கக்காற்றும் கனமான குண்டைக் குறைவாகவே தள்ளும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 450 மீட்டரில் 308 குண்டை ஏறத்தாழ அரை மீட்டர் நகர்த்திவிடும் என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய நன்மை என்பது புரியும். குண்டு கீழே இறங்கும் அளவைத் தூரமானி கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். காற்றை அப்படிக் கணக்கிட முடியாது. அதே சமயம், மழுங்கிய முனையுள்ள 180 கிரெய்ன் குண்டு கூர்முனையுள்ள 150 கிரெய்ன் குண்டிடம் தோற்றுப்போகலாம். ஆகவே எடையைவிட, குண்டு காற்றின் தடையை எவ்வளவு நன்றாகத் தாங்கும் என்பதைச் சொல்லும் பாலிஸ்டிக் கெழுவே பார்க்கவேண்டிய எண்.

குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறம் வெட்டப்பட்ட திருகுப் பள்ளங்களான மரை விஷயத்தில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று மரை கொண்ட, 308-ஐவிடச் சிறிய விட்டக் குண்டு போடும் 243 ரைஃபிளில், கெழு உயர்ந்தது என்பதற்காகவே 115 கிரெய்ன் குண்டைப் போட்டுச் சுட்டேன். காகித இலக்கில் வட்டமான துளைகளுக்குப் பதிலாக, குண்டு பக்கவாட்டில் மோதிய நீளமான கிழிசல்களே கிடைத்தன. நிலைத்துச் சுழல்வதைத் தீர்மானிப்பதில் எடையைவிடக் குண்டின் நீளத்துக்கே பங்கு அதிகம். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், முழுச் செம்புக் குண்டு அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமாக இருக்கும். அதற்கு வேகமாகச் சுழற்றும் மரை வேண்டும். செம்புக்கு மாறுவோர் எடையை ஓரளவு குறைத்துக்கொள்வது இதனால்தான்.

உங்கள் தேவைக்கு நான் 165 கிரெய்ன் எடையுள்ள, பின்பகுதி ஒடுங்கிய, கூர்முனை வேட்டைக்குண்டையே பரிந்துரைப்பேன். 400 மீட்டரில் விரிவதற்குப் போதுமான வேகம் அதில் மிஞ்சும். 180-ஐவிடப் பின்னுதைப்பும் சற்றுக் குறைவு என்பதால், சுட்டபின் விலங்கு எப்படி அசைந்தது என்பதைத் தொலைநோக்கி வழியே காண்பது எளிது. மானைவிடப் பெரிய, எலும்பு தடித்த விலங்காக இருந்தால் 180-க்குப் போகலாம். இலக்குப் போட்டிக்கான குண்டுகள் துல்லியமாகப் பறந்தாலும் விரிவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல என்பதால், வேட்டைக்கு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே எடையில் இரண்டு மூன்று வகைகளை வாங்கி, உங்கள் குழலிலிருந்து அவை புறப்படும் வேகத்தைக் குரோனோகிராஃப் என்னும் வேகமானியில் அளந்து, 100 மீட்டரில் மட்டும் நின்றுவிடாமல் 400 மீட்டரிலேயே காகிதத்தில் சுட்டுப்பாருங்கள். தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் நீளமான சோதனைக் குழலில் அளக்கப்பட்டது. உங்கள் குழல் குட்டையாக இருந்தால் வேகமும் குறையும், தூர எல்லையும் அதற்கேற்பக் குறையும்.