'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

ஆங்கிலச் சொற்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில், கடந்த சில மாதங்களாக ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தச் சொல்லுக்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 'மை அங்கிள் ரன்ஸ் எ ஹோட்டல்' என்ற வரியை 'என் மாமா ஓட்டலுக்கு ஓடுகிறார்' என்று மொழிபெயர்த்திருந்தாள். திருத்திச் சொல்வதற்காக அகராதியை எடுத்தால், 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கே பக்கம் பக்கமாகப் பொருள் இருக்கிறது. இத்தனையையும் ஒரு குழந்தை எப்படி மனப்பாடம் செய்யும்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, செய்து முடிக்கவும் இயலாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வந்தபோது, அதில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் 'செட்'. பின்னர் அகராதியைத் திருத்திக்கொண்டு வந்தவர்கள் 'ரன்' என்ற சொல்லை எட்டியபோது, அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். 2011இல் இச்செய்தி வெளிவந்தது. அந்தப் பணியைச் செய்த அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதங்கள் கழிந்தன. அத்தனை நுட்பமாகப் பிரிப்பது அகராதி செய்பவரின் கடமை. பேசுபவரும் படிப்பவரும் சொல்லை அப்படிப் பிரித்து மனத்தில் வைத்துக்கொள்வதில்லை.

இதைத் தங்கள் மகளுக்குப் புரியவைக்க அவளுடைய தமிழே போதும். வீட்டில் ஃபேன் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது. தெருமுனைக் கடை நன்றாக ஓடுகிறது. கொட்டகையில் படம் ஓடுகிறது. மரத்தின் வேர் ஆழமாக ஓடியிருக்கிறது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றும் ஓடவில்லை. வேரும் விரிசலும் கால் முளைத்து ஓடுபவை அல்ல என்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தவுடன் அவளுக்குப் பொருள் தெரிந்துவிடுகிறது. 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடியது என்று சொன்னால், அங்கே ஓடியது எது என்று எந்தத் தமிழரும் கேட்பதில்லை.

பக்கத்துச் சொல்லைப் பார் என்பது நம் இலக்கணத்தின் பழைய அறிவுரை. பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும்போது தொல்காப்பியர், 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' பொருள் தெளிவாகத் தோன்றும் என்கிறார். 'மா' என்ற சொல் தனியே நின்றால் மாமரமா குதிரையா என்று தெரியாது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் குதிரை. அவர் பெயர்ச்சொல்லுக்குச் சொன்ன வழியை நாம் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்குத் திருப்பிக்கொள்ளலாம். யார் 'ரன்' செய்கிறார், எதை 'ரன்' செய்கிறார் என்று இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். ஓட்டல், கம்பெனி, பள்ளிக்கூடம் போன்றவை செயப்படுபொருளாக வந்தால் நடத்துதல். 'டெம்பரேச்சர்' வந்தால் உடம்பு காய்கிறது. 'பாத்' வந்தால் குளிப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். பேருந்தோ ரயிலோ எழுவாயாக வந்தால், அது அந்தத் தடத்தில் வழக்கமாகப் போய்வருகிறது என்று பொருள். இந்த நொடியில் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. குத்தகையோ ஒப்பந்தமோ வந்தால், அது அந்தக் காலம் வரை செல்லும்.

இத்தனை பொருள்களும் தொடர்பில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் கால்களால் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் ஒருசேரக் குறித்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொற்களாக 'ரென்னன்', 'ரின்னன்' என்று இரண்டு இருக்கின்றன. முன்னது ஓடுவதற்கு, பின்னது நீர் வழிந்து செல்வதற்கு. தடைபடாமல் தொடர்ந்து செல்லுதல் என்ற அந்த மூலக் கருத்தைப் பிடித்துக்கொண்டால், இயந்திரம் ஓடுவதும் நிறுவனம் நடப்பதும் நாடகம் பல நாள் மேடையேறுவதும் ஒரே கொடியில் காய்த்தவை என்பது விளங்கும்.

இரண்டு மொழிகளும் பிரிகிற இடத்தையும் காட்டிக் கொடுங்கள். தங்கள் மகள் தடுக்கியது அங்கேதான். தமிழில் தானாக நடப்பதற்கு 'ஓடு', பிறவினைக்கு 'ஓட்டு' என்று வடிவமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றுதான். 'ஹோட்டல்' இங்கே செயப்படுபொருள் என்பதைக் கவனித்திருந்தால் அவள் தவறியிருக்க மாட்டாள். அதற்காக 'மாமா ஓட்டலை ஓட்டுகிறார்' என்று எழுதச் சொல்லிவிடாதீர்கள். கடையை ஓட்டுகிறார், காலத்தை ஓட்டுகிறார், குடும்பத்தை ஓட்டுகிறார் என்று நாம் சொல்லும்போது, எப்படியோ சமாளிக்கிறார் என்ற சிரமத்தின் சாயல் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கில வரியில் அந்தச் சாயல் இல்லை. ஆகவே 'நடத்துகிறார்' என்பதே சரி. அதேபோல, மூளை ஓடவில்லை என்பதை அப்படியே 'ரன்' போட்டு ஆங்கிலமாக்கினால் அவர்களுக்குப் புரியாது.

'ரன்' என்பதன் பின்னால் 'அவுட்', 'ஓவர்', 'இன்டு' போன்ற சிறு சொற்கள் வரும்போது மட்டும் மூலக் கருத்தை வைத்து ஊகிப்பது ஆபத்து. பெட்ரோல் 'ரன் அவுட்' ஆனால் தீர்ந்துவிட்டது. ஒருவரை வண்டி 'ரன் ஓவர்' செய்தால் அவர்மேல் ஏறிவிட்டது. பழைய நண்பரை 'ரன் இன்டு' செய்தால் எதிர்பாராமல் சந்தித்தோம். இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே கருதி, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதிரித் துணிகளைப் பார்த்துவிட்டு அமெரிக்க வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலில், 'தி மீடியம் ரன்ஸ் ஸ்மால்' என்று ஒரு வரியும் 'தி ரெட் ரன்ஸ்' என்று ஒரு வரியும் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். எது சரி?
(வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டு வரிகளும் இரண்டு வெவ்வேறு குறைகளைச் சொல்கின்றன, இரண்டையும் சரிசெய்ய வேண்டியவர்களும் வேறு வேறு ஆட்கள். முதல் வரியில் 'ரன்ஸ்' என்பதன் பின்னால் 'ஸ்மால்' என்ற அளவுச் சொல் நிற்கிறது. மீடியம் என்று அளவுச்சீட்டு தைத்திருந்தாலும், அணிந்து பார்க்கும்போது அது வழக்கமான மீடியத்தைவிடச் சிறியதாக இருக்கிறது என்பது அதன் பொருள். துவைத்தபின் சுருங்கியதாக அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு 'ஷ்ரிங்க்' என்று எழுதியிருப்பார். ஆகவே அளவு அட்டவணையையும் வெட்டுப் பகுதியையும்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது வரியில் நிறம் எழுவாயாக வந்து, 'ரன்ஸ்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. துவைக்கும்போது சிவப்புச் சாயம் கசிந்து பக்கத்தில் உள்ள வெள்ளையிலோ வேறு துணியிலோ ஏறுகிறது என்பது இதன் பொருள். தங்கள் அலுவலகத்தில் குழப்பம் வந்ததற்குக் காரணம் நம் வழக்குத்தான் என்று எண்ணுகிறேன். 'சாயம் போகிறது' என்ற ஒரே தொடரை, நிறம் வெளுப்பதற்கும் சொல்கிறோம், பக்கத்துத் துணியில் ஒட்டுவதற்கும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வெளுப்பது 'ஃபேட்', கசிந்து பரவுவது 'ரன்' அல்லது 'பிளீட்'. சாயப் பட்டறைக்குச் சொல்லும்போது வெறுமனே சாயம் போகிறதாம் என்று சொல்லாமல், வெள்ளையில் ஏறுகிறது என்று தெளிவாகச் சொன்னால் வேலை ஒரே தடவையில் முடியும்.

தங்கள் தொழிலில் இந்தச் சொல் மேலும் இரண்டு இடங்களில் வரும். 'புரொடக்ஷன் ரன்' என்றால் ஒரே அமைப்பில் தொடர்ந்து தயாரித்து முடிக்கும் தொகுதி. காலுறையில் 'ரன்' என்று அமெரிக்கர் எழுதினால், ஒரு கண்ணி அறுந்து நெடுகப் பிரிந்துகொண்டே போயிருக்கிறது. ஏணிப்படிபோலத் தெரியும் இதைப் பிரிட்டன்காரர்கள் 'லேடர்' என்பார்கள்.

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையில் 'காளை ஓட்டப் போர்' என்று படித்தேன். போர்க்களத்தில் காளைகள் ஏன் ஓடின?
(மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: காளைகள் ஓடவில்லை. 'புல் ரன்' என்பது வர்ஜீனியா மாநிலத்தில், தலைநகர் வாஷிங்டனுக்குத் தென்மேற்கே பாயும் ஒரு சிற்றோடையின் பெயர். அமெரிக்காவின் அந்தப் பகுதிகளில் ஓடைக்கு 'ரன்' என்றே பெயர். ஓடு என்ற வினையிலிருந்து நாம் ஓடை என்று சொல்வதுபோல, அவர்களும் அதே வழியில் ஒரு பெயர்ச்சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். கட்டுரையாளர் 'புல் ரன் ஓடைப் போர்' என்று எழுதியிருந்தால் தங்களுக்கு இந்த ஐயமே எழுந்திருக்காது.

1861 ஜூலை 21 அன்று அந்த ஓடைக்கரையில்தான் அப்போரின் முதல் பெருஞ்சமர் நடந்தது. வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் இரண்டாம் முறையும் மோதினார்கள். வடக்கத்தியர் போர்களுக்குப் பெரும்பாலும் அருகிலிருந்த ஆறு, ஓடைகளின் பெயரையும், தெற்கத்தியர் ஊர்ப் பெயரையும் வைத்ததால், இதே போரை 'மனாசஸ் போர்' என்றும் நூல்களில் காணலாம். இரண்டும் வெவ்வேறு போர்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

வணிகப் பக்கத்தில் 'புல் ரன்' என்று வந்தால், அது பங்கு விலைகள் தொடர்ந்து ஏறிக்கொண்டிருக்கும் காலம். அங்கே 'ரன்' என்பது இடைவிடாத தொடர்ச்சி. உண்மையாகவே காளைகள் ஓடுவது ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரில், ஜூலை மாதத் திருவிழாவின்போது. அதை 'ரன்னிங் ஆஃப் தி புல்ஸ்' என்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் தேர்தலில் 'ரன்' செய்கிறார் என்று வருகிறது. நாம் தேர்தலில் நிற்கிறார் என்கிறோம். ஒரே செயலுக்கு ஓடுவதும் நிற்பதும் எப்படிப் பொருந்தும்?
(வாசகர், மதுரை)

பதில்: இந்த வேறுபாடு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் மட்டும் உள்ளதன்று. பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடுவதை 'ஸ்டாண்ட்' என்பதே மரபு, அமெரிக்காவில் 'ரன்'. மக்கள் முன்னால் வந்து, என்னைத் தேர்ந்தெடுங்கள் என்று நிற்பதாகப் பார்ப்பது ஒரு பார்வை. மற்றவரை முந்த வேண்டிய பந்தயமாகப் பார்ப்பது இன்னொரு பார்வை. அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரை 'ரன்னிங் மேட்' என்பதும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததுதான். தமிழில் எழுதும்போது 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று சிலர் எழுதத் தொடங்கியிருப்பது வருத்தமளிக்கிறது. 'நிற்கிறார்', 'போட்டியிடுகிறார்' என்ற இரண்டு நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.

கேள்வி: 'ரன் ஆன் தி பேங்க்' என்றால் வங்கிக் கொள்ளையா?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை. வங்கி முழுகிவிடும் என்ற அச்சத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் 'நார்தர்ன் ராக்' வங்கியின் கிளைகளுக்கு வெளியே மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை வங்கி நீண்ட காலக் கடனாகக் கொடுத்திருப்பதால், நல்ல நிலையில் உள்ள வங்கியாலும்கூட எல்லோருக்கும் ஒரே நாளில் திருப்பித் தர இயலாது.

கேள்வி: 'ரன்னிங் நோஸ்', 'ரன்னிங் ரேஸ்' என்று சொல்வது தவறா?
(வாசகர், சேலம்)

பதில்: இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். ஆயினும் பிரிட்டன், அமெரிக்க வழக்கில் மூக்கு ஒழுகுவதற்கு 'ரன்னி நோஸ்' என்பார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு 'ரேஸ்' என்பதே போதும். வெளிநாட்டுப் படிப்புக்கான மொழித்தேர்வு எழுதுபவர்கள் அந்த வடிவங்களைப் பழகிக்கொள்வது நல்லது.

கேள்வி: பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டையாளர் ஓடுவதே இல்லை. அதற்கும் ஏன் நான்கு 'ரன்' என்கிறோம்?
(பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: தொடக்கக் கால கிரிக்கெட்டில் எல்லைக்கோடு என்ற ஏற்பாடு இல்லை. பந்து எவ்வளவு தூரம் போனாலும் ஓடித்தான் எண்ணிக்கையைச் சேர்த்தார்கள். அந்த எண்ணிக்கைக்கு அப்போது வழங்கிய பெயர் 'நாட்ச்'. 1744ஆம் ஆண்டு விதிகளிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. 'நாட்ச்' என்றால் கத்தியால் கீறிய வெட்டு. கணக்கு வைப்பவர் ஆடுகளத்தின் ஓரமாக உட்கார்ந்து, ஒரு முறை ஓடி முடிக்கும்போதெல்லாம் கையிலுள்ள குச்சியில் ஒரு வெட்டுப் போடுவார். பின்னாளில் குச்சி போய்த் தாள் வந்தபிறகு வெட்டின் பெயரும் மறைந்து, ஓடிய செயலின் பெயரான 'ரன்' எண்ணிக்கைக்கே பெயராக நின்றுவிட்டது. எல்லைக்கோடு வந்தபோது, ஓடாமலே கிடைத்த நான்கும் அதே கணக்கில் சேர்ந்துகொண்டது. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் இதை 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'ரன்' நிலைத்துவிட்டது.