வாசகர் கேள்வி – பதில்: முறுக்கி நிற்கும் கோபுரத்துக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: பெட்டி போல நேராக எழும்பும் அடுக்குமாடியைவிட, வளைந்தும் முறுக்கியும் நிற்கும் குடியிருப்புக் கோபுரங்களுக்குச் செலவு மிக அதிகம் என்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் உண்மையில் எங்கே போகிறது?

பதில்: வளைவைச் செய்வதற்காக மட்டும் போவதில்லை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வசதியை இழப்பதில்தான் பெரும்பகுதி போகிறது. உயரமான கட்டடம் கட்டுபடியாவதற்கே காரணம், ஒரு தளத்தைப் போலவே அடுத்த தளமும் இருப்பதுதான். கான்கிரீட் ஊற்ற அச்சாக வைத்து, கீழ்த் தளத்தில் கழற்றிய சென்ட்ரிங் தகடுகள் அப்படியே மேலே ஏறுகின்றன; நாலைந்து தளம் முடிந்ததும் கம்பி கட்டுகிறவர் வரைபடத்தைப் புரட்டாமலே வேலை செய்கிறார்; சமையலறைக்கு மேல் சமையலறையே வருவதால் கழிவுநீர்க் குழாய் உச்சியிலிருந்து அடிவரை நேராக இறங்குகிறது. தளத்துக்குத் தளம் கட்டடம் திரும்பினால் இவை எல்லாமே கைநழுவிப் போகின்றன. தூணுக்கு மேல் தூண் வராதபோது, மேலிருந்து வரும் பாரத்தைப் பக்கவாட்டில் நகர்த்திக் கீழே இறக்கக் கனத்த உத்தரங்கள் தேவைப்படுகின்றன. வேலை நீளும் ஒவ்வொரு மாதமும் கடனுக்கு வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

ஸ்வீடனின் மால்மோ நகரில் 2005இல் முடிக்கப்பட்ட டர்னிங் டார்சோ இதற்குத் தெளிவான உதாரணம். சான்டியாகோ கலட்ராவா வடிவமைத்த இந்த 190 மீட்டர் கோபுரம் அடியிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் 90 பாகை திரும்புகிறது. நடுவே நேரான கான்கிரீட் உருளை ஒன்று நிற்க, அதைச் சுற்றித் தளங்கள் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டே போகின்றன. கட்டியது ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவு அமைப்பு. செலவு திட்டத்தைத் தாண்டி வெகுதூரம் எகிறியது. விற்பதற்காக நினைத்த வீடுகள் கடைசியில் வாடகைக்கு விடப்பட்டன.

ஆனால் இதை வைத்து எல்லா முறுக்குக் கோபுரங்களையும் எடைபோட முடியாது. கனடாவின் மிசிசாகாவில் 2012இல் முடிந்த அப்சல்யூட் வேர்ல்டு இரட்டைக் கோபுரங்களில், உயரமான 56 மாடிக் கட்டடம் மொத்தம் 209 பாகை திரும்புகிறது. அங்கே பாரம் தாங்கும் சுவர்களையே தளத்துக்குத் தகுந்தபடி நீட்டியும் குறுக்கியும் பொறியாளர்கள் சமாளித்தார்கள். முதல் கோபுரத்தின் வீடுகள் விறுவிறுவென்று விற்றதால்தான் இரண்டாவது கோபுரத்தைக் கட்டும் எண்ணமே வந்தது. அதாவது, அங்கே வடிவத்துக்கான விலையை வாங்கியவர்கள் விரும்பியே கொடுத்தார்கள்.

கேள்வி: அப்படியானால், அதிகம் செலவழிக்காமல் துணிச்சலாகக் கட்டவே முடியாதா?

பதில்: முடியும். மாறுபாட்டை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கட்டடக் கலைஞர் ஜீன் கேங்கின் நிறுவனம் வடிவமைத்து, சிகாகோவில் 2009இல் முடிந்த 82 மாடி அக்வா கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் அலையடிப்பது போலிருக்கும். உள்ளே இருப்பதோ வழக்கமான செவ்வகக் கட்டடம்தான். தூணும் லிப்டும் குழாயும் இடம் மாறவில்லை. கான்கிரீட் தளத்தின் விளிம்பு மட்டும் ஒவ்வொரு மாடியிலும் வேறுவேறு அளவுக்கு, அதிகபட்சம் 12 அடி வரை, வெளியே நீள்கிறது. வளையக்கூடிய உலோக விளிம்புத் தகட்டை அந்தந்த மாடிக்கு ஏற்ப வளைத்து வைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். வேலை முடிந்ததும் அதே தகடு அடுத்த மாடிக்குப் போனது. என் கண்ணுக்கு, பார்வையைப் பறிக்கும் பல கோபுரங்களைவிடப் புத்திசாலித்தனமான கட்டடம் இதுதான். இதற்கும் ஒரு குறை உண்டு: வீட்டுத் தளமே இடைவெளியின்றி பால்கனியாக நீள்வதால், கடும் குளிரில் உள்ளிருக்கும் வெப்பம் கான்கிரீட் வழியாகவே வெளியேறுகிறது.

கேள்வி: வீட்டை வாங்கிய பிறகு வரும் செலவு?

பதில்: விளம்பரத் தாள்களில் இடம்பெறாத செலவு அதுதான். டோக்கியோவில் கிஷோ குரோகாவா 1972இல் கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 சிறு அறைப்பெட்டிகள் இருந்தன. ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துவது என்பதே திட்டம். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்ற அந்தப் பெட்டிகளில், மேலே இருப்பதைத் தொடாமல் கீழே இருப்பதை உருவுவது நடைமுறையில் முடியாத காரியமாக இருந்தது. பெட்டிக்கு ஒருவர் என்று உரிமையாளர்கள் இருக்கையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் போட ஒப்புக்கொள்வார்களா? ஒரு பெட்டிகூட மாற்றப்படாமலே 2022இல் கட்டடத்தை இடித்தார்கள்.

மிலானில் 2014இல் திறந்த போஸ்கோ வெர்ட்டிகாலே என்ற குடியிருப்புக் கோபுரங்களின் பால்கனி மரங்களைக் கயிற்றில் தொங்கியபடி வெட்டிச் சீர்செய்யத் தனிப் பணியாளர்கள் வருகிறார்கள். அந்தச் செலவு குடியிருப்போரின் பொதுக் கட்டணத்தில்தான் சேர்கிறது. நியூயார்க்கில் 426 மீட்டர் உயரத்துக்கு ஊசி போல நிற்கும் 432 பார்க் அவென்யூ என்ற குடியிருப்புக் கோபுரத்தில், நீர்க்கசிவு, லிப்ட் கோளாறு, சத்தம் ஆகியவற்றைக் காட்டி உரிமையாளர் சங்கம் 2021இல் அதைக் கட்டி விற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

கேள்வி: இத்தகைய கோபுரத்தில் வீடு வாங்க நினைப்பவர் எதை விசாரிக்க வேண்டும்?

பதில்: வெளிச்சுவரை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். நேரான சுவரில், துடைப்பவர்கள் நிற்கும் தொங்கு தொட்டில் மேலிருந்து கீழே எளிதாக இறங்கிவிடும். சரிந்த சுவருக்கும் குழிந்த சுவருக்கும் தனி இயந்திரமோ கயிற்றில் இறங்கும் ஆட்களோ வேண்டும். பெரிய பழுதுக்கென்று மாதாமாதம் ஒதுக்கும் நிதி எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பின்னர், கட்டடத்தில் எத்தனை வகை அளவுகளில் கண்ணாடி இருக்கிறது, உங்கள் வீட்டு ஜன்னல் உடைந்தால் அதே அளவில் உதிரி கையிருப்பில் உண்டா, இல்லையென்றால் வரவழைக்க எவ்வளவு காலமாகும் என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. பராமரிப்புப் பொறியாளரிடமே பேசுவது நல்லது.