மக்காச்சோள ரொட்டியும் முளைக்கருவும்

அன்புள்ள அக்கா,

டென்னசியில் சாட்டனூகா நகருக்கு இந்த வருடம்தான் குடிவந்தோம். பக்கத்து வீட்டு அம்மா தன் பழைய இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து, கார்ன்பிரெட் (மக்காச்சோள ரொட்டி) செய்து பழகு என்றார். எத்தனை முறை செய்தாலும் அடியில் ஒட்டிக்கொள்கிறது. பெயர்த்து எடுத்தால் உதிர்கிறது. இந்தியக் கடையில் வாங்கிய மக்கி ஆட்டா (மக்காச்சோள மாவு) ஒரு கப், மைதா ஒரு கப், சர்க்கரை அரை கப், முட்டை, மோர் எல்லாம் கலந்து, சட்டியில் வெண்ணெய் தடவி ஊற்றி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 35 நிமிடம் வைக்கிறேன். சர்க்கரை என்றதுமே அந்த அம்மா முகம் சுளிக்கிறார். போடலாமா, கூடாதா? வெள்ளை மாவா, மஞ்சள் மாவா? லாட்ஜ் கம்பெனியின் புதுச் சட்டி வாங்கிவிடலாமா? மைதா கலப்பதற்குக் காரணம் உண்டு. மக்காச்சோளத்தையே தின்று இந்தப் பக்கத்து ஏழைகள் பெல்லக்ரா என்ற நோய் வந்து செத்தார்கள் என்று படித்தேன். கொஞ்சம் சத்து சேரட்டுமே என்றுதான். நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு.

வி.

அன்புள்ள வி.,

பெல்லக்ரா பற்றி நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரி இல்லாமல் இருந்தால் செய்முறையை மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது. ஆனால் முதலில் சட்டியை முடித்துவிடுகிறேன்.

புதுச் சட்டி வேண்டாம். லாட்ஜ் நல்ல கம்பெனிதான். 1896இல் தொடங்கியது, உங்கள் ஊருக்கு மேற்கே சௌத் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே 1997 முதல் கார்ன்பிரெட் திருவிழாவே நடக்கிறது, ஏப்ரலில் முடிந்தால் போய்ப் பாருங்கள். ஆனால் வருடக்கணக்கில் எண்ணெய் ஏறிப் பழகிய சட்டியை ஒருவர் உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார். அதைப் பரணில் போட்டுவிட்டுப் புதிது வாங்கப் போகாதீர்கள்.

ஒட்டுவது சட்டியின் குற்றமே இல்லை. தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றுவீர்களா? சட்டி நன்றாகக் காய்ந்திருந்தால், மாவு பட்ட கணத்திலேயே அடிப்பக்கத்து ஈரம் ஆவியாகி மாவைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். அதற்குள் மாவுச்சத்து வெந்து தோல் கட்டிவிடும். ஆறிய சட்டியில் மாவு இரும்பின் சொரசொரப்புக்குள் இறங்கி, அதோடு சேர்ந்தே மெதுவாக வேகிறது. பிறகு சுரண்டத்தான் வேண்டும். போதாததற்கு அரை கப் சர்க்கரை உருகிப் பாகாகிச் சட்டிக்கும் ரொட்டிக்கும் நடுவே பசையாக உட்கார்ந்துகொள்கிறது. வெண்ணெயில் இருக்கிற பால் கசண்டும் சீக்கிரம் கருகும். அந்த ஊரில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள். உங்களுக்கு நெய். 450 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெய் தாங்கும், மணமும் பொருந்தும்.

சட்டியை அடுப்பின் மேல் காயவைக்காதீர்கள். வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பரப்புவதில் மந்தம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சூட்டைக் கடத்தும். நடுவில் புகை வரும்போது ஓரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஓவனை 450இல் போடும்போதே வெறும் சட்டியையும் உள்ளே வைத்துவிடுங்கள். ஓவன் சூடு ஏறிய பிறகும் 10 நிமிடம் இருக்கட்டும்.

10 அங்குலச் சட்டிக்கு அளவு சொல்கிறேன். கல்லில் அரைத்த, ரவைப் பதத்துக்குச் சற்று நைசான மக்காச்சோள மாவு 2 கப், சுமார் 280 கிராம். உப்பு 1 டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், முட்டை 2, பட்டர்மில்க் ஒன்றரை கப், நெய் 4 டேபிள்ஸ்பூன். அங்கே கடையில் பட்டர்மில்க் என்று விற்பது உறையூற்றிப் புளிக்கவைத்த கெட்டிப் பால். நம் வீட்டு மோரை ஊற்றினால் தண்ணீர்தான் மிஞ்சும். தயிர் என்றால் முக்கால் பங்கு தயிருக்குக் கால் பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள். புளிப்பு முக்கியம், சோடா அதை நம்பித்தான் பொங்குகிறது. சோடா கூடிப்போனால் சோப்பு வாடை வரும்.

உதிர்வதற்கு வைத்தியம் இது. மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது, அதனால்தான் மைதாவைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதில்லை. 2 கப் மாவில் அரை கப்பைத் தனியே எடுத்து, அதன்மேல் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் அரை கப் ஊற்றிக் கிளறுங்கள். களியாக இறுகும். வெந்த இந்த மாவுதான் மற்றதைப் பிடித்து வைக்கும். அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பட்டர்மில்க் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, முட்டையை அடித்து ஊற்றி, மீதி மாவையும் உப்பையும் சேருங்கள். 10 நிமிடம் ஊறட்டும். ஊறாத மாவு பல்லில் மணலாக நெறுநெறுக்கும். சோடாவும் பேக்கிங் பவுடரும் கடைசியில். முன்பே போட்டால் பொங்குகிற வேகம் பாத்திரத்திலேயே தீர்ந்துவிடும்.

சட்டியை வெளியே எடுத்து நெய்யை விட்டு, பக்கச் சுவர் வரை படுகிற மாதிரி சுழற்றுங்கள். கையுறை தடிமனாக இருக்கட்டும், கைப்பிடியும் அதே சூடுதான். அடியில் மெல்லிசாக நெய் நிற்கிற அளவு விட்டு, மீதியை மாவில் ஊற்றி இரண்டு கிளறு கிளறி, உடனே மாவைச் சட்டியில் ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் கேட்க வேண்டும். விளிம்பில் மாவு அப்போதே நுரைத்துப் பொரிய வேண்டும். சத்தம் வராவிட்டால் அடுப்பின் மேல் நடுத்தர தீயில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு ஓவனுக்குள் தள்ளுங்கள், ஓரளவு தப்பிக்கலாம். 20 முதல் 25 நிமிடம். மேலே பொன்னிறம் ஏறி, ஓரம் சட்டியை விட்டு ஒரு நூல் விலகியிருக்கும். வெளியே எடுத்த கையோடு கம்பித்தட்டில் கவிழ்த்துவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் மொறுமொறுப்பு எல்லாம் ஆவியில் நமுத்துப்போகும். 350 டிகிரியில் 35 நிமிடம் என்பது கேக்குக்கான கணக்கு, அந்தச் சூட்டில் இந்த மேலோடு கட்டாது.

வெள்ளையா மஞ்சளா என்பது உங்கள் விருப்பம். தெற்கில் வெள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சளில் கரோட்டின் உண்டு, அவ்வளவுதான்.

இப்போது மாவு. உங்களைத் திட்டவேண்டிய இடம் இதுதான். சத்துக்காக மைதாவா? தவிடும் முளைக்கருவும் போன கோதுமையைக் கொண்டுவந்து மக்காச்சோளத்துக்குச் சத்து சேர்க்கப் பார்க்கிறீர்கள். அமெரிக்க மைதாவில் நியாசின், அதாவது பெல்லக்ராவைத் தடுக்கும் பி வைட்டமின், கலந்திருப்பார்கள், உண்மை. ஆலையில் எடுத்ததைப் பொடியாகத் திருப்பிப் போடும் அந்தப் பழக்கமே 1940களில், பெல்லக்ரா போன்ற நோய்களைப் பார்த்த பிறகு வந்ததுதான்.

முழு மக்காச்சோள மணி ஒன்றை இரவு ஊறவைத்து, காலையில் நகத்தால் பிளந்து பாருங்கள். கூம்பிய முனையை ஒட்டி, வெளுத்த, மெழுகு மாதிரியான சிறு துண்டு ஒன்று தனியாகக் கழன்று வரும். அதுதான் முளைக்கரு. எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் மணியில் உள்ள எண்ணெயில் பெரும்பகுதியும், நல்ல தரமான புரதமும் அதற்குள்தான். மணமும் அங்கேதான் இருக்கிறது. பழைய நீராலைகளில் கல் மெதுவாகச் சுற்றும், மணி முழுசாக அரைபடும், கருவின் எண்ணெய் மாவெங்கும் ஏறும். அந்த மாவு சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். அதனால் அவ்வப்போது அரைத்து அவ்வப்போதே தீர்த்தார்கள். எஃகு உருளை ஆலைகள் வந்தபோது கருவைப் பிரித்துத் தள்ளினார்கள். மாவு ரயிலில் எத்தனை தூரம் போனாலும், கடையில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. வியாபாரிக்கு வசதி. தின்கிறவருக்கு மிஞ்சியது வெறும் மாவுச்சத்து.

சர்க்கரைச் சண்டைக்கும் வேர் இங்கேதான் என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சிலர் சொல்கிறார்கள். வயலிலேயே முற்றிக் காய்ந்த மணியை முழுசாக அரைத்த மாவுக்குத் தனி இனிப்பு உண்டு. ஆலை மாவில் அது இல்லாதபோது சர்க்கரை உள்ளே வந்தது, மாவு எழும்ப மைதா வந்தது. எனக்கு இது சரியாகவே படுகிறது. நல்ல மாவு வாங்குங்கள், போடலாமா கூடாதா என்ற கேள்வியே எழாது. ஒரு டீஸ்பூன் போட்டால் பாவம் ஒன்றும் இல்லை, அரை கப் வேண்டாம்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. பாதிதான் படித்திருக்கிறீர்கள். மெக்சிகோ பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைத்தார்கள். நீங்கள் இப்போது வாழும் மண்ணில் இருந்த செரோக்கி பூர்வகுடி மக்கள் விறகுச் சாம்பல் கரைசலில் ஊறவைத்தார்கள். மணியில் நியாசின் இருக்கிறது, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பிலும் சாம்பலிலும் உள்ள காரம் (ஆல்கலி) அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஐரோப்பியர் மணியைக் கொண்டுபோனார்கள், சாம்பலை விட்டுவிட்டுப் போனார்கள். 1735இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர், ஏழைக் குடியானவர்களின் கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போலத் தோல் வெடித்திருப்பதைக் குறித்து வைத்தார். பிறகு இத்தாலி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கு. அந்தச் சில பத்தாண்டுகளில் சுமார் 30 லட்சம் பேருக்கு நோய், ஒரு லட்சம் சாவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

தொற்று நோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் மிசிசிப்பியின் அனாதை விடுதிகளில் பாலும் முட்டையும் பயறும் சேர்த்துக் கொடுத்தார், நோய் நின்றது. மறுவருடம் ராங்கின் சிறைப்பண்ணையில் தாமாக முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளமும் மைதாவும் அரிசியும் சர்க்கரையும் சர்க்கரைவள்ளியுமாகக் கொடுத்தார், ஆறு பேருக்கு நோய் வந்தது. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் உங்கள் மைதாவும் சர்க்கரையும் இருக்கின்றன. இல்லாத சத்து நியாசின் என்பது 1937இல் கான்ராட் எல்வேஜெம் ஆய்வில்தான் தெரிந்தது. கோல்ட்பெர்கர் 1929இலேயே இறந்துவிட்டார்.

கருவை எடுத்த மாவு கிராமத்துக் கடைகளுக்கு வந்து சேர்ந்த காலமும் நோய் பரவிய காலமும் ஒன்றை ஒன்று ஒட்டி வருகின்றன. அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வாசல்படி வரை பருத்தி போடவைத்தார்கள் நிலச்சுவான்தார்கள். குத்தகைக்காரனுக்குக் காய்கறி போட இடமில்லை, மாடு வைக்க வழியில்லை. மாவு, வெல்லப்பாகு, உப்புக் கொழுப்பு மூன்றும் கடனில் கிடைத்தன, அவற்றையே தின்றான். ஒரே தானியத்தில் மனிதனை நிறுத்தினால் எங்கும் இது போன்றதுதான் நடக்கும். தக்காணத்தில் நம் நாட்டுச் சோளம் (ஜோவர்) மட்டுமே தின்ற கூலிக்காரர்களிடம் இதே பெல்லக்ரா இருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஹைதராபாத்தில் இருந்து 1960இல் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த ஏழைகளின் சாவுக்குத் தானியத்தின் மேல் பழி போடுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே மாவுப் பையைத் திருப்பிப் படியுங்கள். ‘டிஜெர்மினேட்டட்’ என்று இருந்தால் கரு போய்விட்டது. ‘என்ரிச்டு’ என்றாலும் பெரும்பாலும் அதே கதை. ‘ஸ்டோன் கிரவுண்ட்’ (கல்லில் அரைத்தது) மட்டும் போதாது, ‘ஹோல் கிரெயின்’ (முழுத் தானியம்) என்றும் இருக்க வேண்டும். ‘செல்ஃப் ரைசிங்’ என்றால் சோடா, உப்பு, பல சமயம் மைதாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். நீங்கள் வாங்கிய மக்கி ஆட்டா சப்பாத்திக்கு அரைத்த நைசு மாவு, ரொட்டி களிமண்ணாகத்தான் வரும். ஒரு சிட்டிகை மாவை நாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கதிர் வாசனையும் இலேசான இனிப்பும் வந்தால் வாங்கலாம். பின்நாக்கில் கசந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. வாங்கிய மாவை ஃப்ரீசரில் வையுங்கள், வெளியே அலமாரியில் வேண்டாம்.

முழு மாவிலும் நியாசின் கட்டுண்டுதான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பில் ஊறவைத்து அரைத்த மாசா ஹரினாவை மாவில் நாலில் ஒரு பங்கு கலக்கலாம். முழுக்க அதிலேயே செய்தால் மக்காச்சோள டார்டில்லா வாசம் அடித்து அடர்த்தியாகிவிடும். இதைவிட நல்லது அந்த ஊர்க்காரர்கள் கூட வைத்துச் சாப்பிடும் சாப்பாடு. பின்ட்டோ பீன்ஸை இரவே ஊறப்போட்டு, உப்பும் வெங்காயமும் மட்டும் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். டர்னிப் கீரையோ காலர்ட் கீரையோ வாங்கி அரை மணிக்கு மேல் வேகவிட்டு, சாற்றை வடிக்காமல் பரிமாறுங்கள். ரொட்டியை அந்தச் சாற்றில் தோய்த்துத்தான் தின்ன வேண்டும். மிஞ்சிய துண்டை மறுநாள் காலை குறுக்கே பிளந்து, அதே சட்டியில் கொஞ்சம் நெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வாட்டுங்கள்.