முடிவு தெரிந்த விளையாட்டுப் படத்துக்கும் ஏன் கண் கலங்குகிறது?

கேள்வி: உண்மைக் கதையை வைத்து எடுக்கும் விளையாட்டுப் படங்களில் யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்று முன்பே தெரியும். அப்படியும் ஏன் அழுகை வருகிறது?

இதற்கான பதில் எனக்கு என் அம்மாவிடமிருந்து கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் வாழ்க்கையைச் சொல்லும் இந்திப் படமான 'பாக் மில்கா பாக்' ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஓட்டப்பந்தயத்தில் அக்கறையும் கிடையாது. கீரை ஆய்ந்துகொண்டே அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார். மில்கா ஜெயித்த பந்தயங்கள் எதுவும் அவரை அசைக்கவில்லை. 'இந்தியா' என்று எழுதிய கோட்டுச் சட்டையை மில்கா வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குப் போட்டுவிடும் காட்சி வந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டு, "யாருடா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

சொன்னேன். மில்கா 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டெல்லிக்கு வந்து சேர்ந்தவர். டிக்கெட் இல்லாமல் ரயிலில் போனதற்காக அவரைத் திகார் சிறையில் போட்டுவிட்டார்கள். அக்காதான் தன் நகையை விற்று வெளியே எடுத்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்மா."

அதற்கப்புறம் அம்மா அழுதார். நானும்தான்.

அந்த "நிஜமாவா?" என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கற்பனைக் கதையில் ஓர் அக்கா நகையை விற்றால், எழுதியவர் நம்மை அழவைக்கப் பார்க்கிறார் என்று மனசின் ஒரு மூலை உஷாராகிவிடும். இங்கே அந்த நகை உண்மையிலேயே ஒரு கடைக்குப் போயிருக்கிறது. தம்பி பின்னால் பெரிய ஓட்டக்காரன் ஆவான் என்று தெரிந்து அந்த அக்கா அதை விற்கவில்லை. உள்ளே கிடந்தது தம்பி, அவ்வளவுதான். நமக்குப் பின்கதை தெரியும், அவருக்குத் தெரியாது. முடிவு தெரிந்திருப்பது இந்தப் படங்களுக்கு ஒரு குறை என்பார்கள். எனக்கு அதுதான் அழுகையைக் கொண்டுவருகிறது.

வெற்றியைப் பெரிதாக்க இயக்குநர்கள் சேர்க்கும் மசாலா என்னை அவ்வளவாகத் தொட்டதில்லை. 'தங்கல்' படத்தில் மல்யுத்த வீராங்கனை கீதா போகட்டின் 2010 காமன்வெல்த் இறுதிப்போட்டி கடைசி நொடி வரை இழுக்கும். உண்மையில் அவர் 1-0, 7-0 என்று எளிதாகவே ஜெயித்தார். அந்தப் போட்டியைப் பார்க்க முடியாதபடி பயிற்சியாளர் கீதாவின் அப்பாவை ஓர் அறையில் பூட்டி வைப்பதும் கற்பனை. பயிற்சியாளரை அப்படி வில்லனாக்கியது சரியில்லை என்பது என் கருத்து. அவரும் வீராங்கனைகளோடு உழைத்த மனிதர்தானே. எல்லாம் முடிந்து அப்பா மகளைப் பார்த்து "சாபாஷ்" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

மில்காவின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவருடைய மிகப் பெரிய பந்தயத்தில் அவர் தோற்றார். 1960, ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர். நான்காவது இடம். மூன்றாவதாக வந்த தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5 விநாடி, மில்கா 45.6. இரண்டு வருஷத்துக்கு முன் கார்டிஃபில் இதே ஸ்பென்ஸை முந்தித்தான் காமன்வெல்த் தங்கம் வாங்கியிருந்தார். ரோமில் ஓட்டத்தின் நடுவே மில்கா திரும்பிப் பார்த்துப் பின்தங்குவதற்குச் சிறுவயதுக் கொடூரத்தின் நினைவைக் காரணமாகக் காட்டுகிறது படம். தோல்விக்கு மில்கா சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஆரம்பத்திலேயே அதிக வேகம் எடுத்துவிட்டோம் என்று பயந்து, 250 மீட்டர் வாக்கில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பிறகு எட்டிப் பிடிக்க முடியவில்லை. படத்தின் காரணத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நாம் எல்லோரும் செய்யக்கூடிய பிழை அது. பரீட்சையில், வேலையில், எங்கேயாவது ஓரிடத்தில் பயந்துபோய்க் கொஞ்சம் மெதுவாகியிருப்போம். அந்தப் பத்தில் ஒரு விநாடியை அவர் அறுபது வருஷம் சுமந்தார். அப்படிப்பட்ட வாழ்க்கையைப் படமாக்கும் உரிமையை ஒரே ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

கற்பனைப் பாத்திரம் படத்தோடு முடிந்துவிடும். இவர்கள் நாம் தியேட்டரை விட்டு வந்த பிறகும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். தடகளத்தில் ஓர் இந்தியர் ஒலிம்பிக் தங்கம் வாங்குவதைச் சாவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று மில்கா கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொரோனா வந்து, 2021 ஜூன் 18 அன்று போய்விட்டார். அதற்கு ஐந்து நாள் முன்பு அவர் மனைவி நிர்மல் கவுரும் இறந்திருந்தார். சரியாக ஐம்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். அதை மில்கா சிங்குக்குச் சமர்ப்பிப்பதாகச் சொன்னார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஈட்டி எறிதல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நகையை வித்துத் தம்பியை மீட்டுச்சே, அந்தப் பொண்ணோட தம்பிதானே?" என்று கேட்டார்.